பாதி டேங்க்

எங்கள் வண்டிக்கு ஒரு வித்தை தெரியும்.
பகலில் கால் டேங்க் காட்டும்,
ஹெட்லைட்டைப் போட்டதும் பாதி நிறைந்துவிடும்.
இடது இண்டிகேட்டர் போட்டால்
பெட்ரோல் முள் எழுந்து எழுந்து உட்காரும்,
ஆராதனைக்குப் பிந்தி வந்த கடைசி பெஞ்சுக்காரன் போல.
பிரேக்கை மிதித்தால் எஞ்சின் கொதிக்கிறது என்னும்.
காலை எடுத்தால், சும்மா சொன்னேன் என்னும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்துப் பத்மினி.
நாங்குநேரிப் பத்திர எழுத்தர் ஒருவரிடம் வாங்கியது.

ஆடிக் காற்று.
ராதாபுரம் விலக்கு தாண்டி
உடைமரங்களுக்குப் பக்கத்தில்
டாஷ்போர்டு மொத்தமும் செத்துப்போனது.
எஞ்சின் ஓடுகிறது. ஹெட்லைட் எரிகிறது.
மீட்டருக்குள் மட்டும் இருட்டு.
வண்டியை ஓரங்கட்டினேன்.

“வித்துருவோம்ட்டி” என்றான் தவசிக்கனி,
அன்றைக்கு மூன்றாவது தடவை.
“லைட்டப் பிடி” என்றேன்.

பகலெல்லாம் வள்ளியூரில்
கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள் நான்.
மோட்டார் புகைந்து நாறி ஒரேயடியாகச் சாகும்,
அதில் ஒரு நேர்மை உண்டு.
இந்தச் சவம் அப்படியில்லை.

பியூஸ் பெட்டியைத் திறந்தேன்.
ஏழாவது பியூஸில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள், அழகாகச் சுற்றியிருந்தது.
வில்லங்கம் எதுவுமில்லை என்று
கையெழுத்துப் போட்டுத் தந்த மனுஷன்.

தாளைப் பிடுங்கிவிட்டு
நல்ல பியூஸ் போட்டேன். இருட்டுதான்.

பிறகு சீட்டில் காலும் பெடலில் தலையுமாக மல்லாந்தேன்.
சிவப்பாகப் புறப்பட்ட வயர்
நடுவழியில் மஞ்சளாகி
ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரிக்குள் புகுந்து
கறுப்பாக வெளியே வந்தது.
டெஸ்ட் பல்பை வைத்தேன். எரிந்தது.
வர வேண்டிய கரண்டு வந்துகொண்டுதான் இருக்கிறது.
திரும்பிப் போகத்தான் வழியில்லை.
வாசலைப் பூட்டிய கல்யாண மண்டபத்தில்
பந்தி முடிந்த கூட்டம் ஜன்னலேறிக் குதிக்குமே,
அப்படித்தான் இத்தனை நாளும்
இண்டிகேட்டர் கரண்டு
பெட்ரோல் முள்ளின் வழியாகக் குதித்துப் போயிருக்கிறது.

ஒரு துண்டு வயரின் இந்த முனை மீட்டர் முதுகில்,
அந்த முனை கதவுக் கீலில்.
சட்டென்று எல்லாம் விழித்தது.
எடுத்தேன். இருட்டு.
எர்த்துதான்.

தடவித் தடவி அந்த ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தேன்.
கழற்றினால் அடியில் துரு இல்லை.
பச்சை.
போன கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி
நான் தூங்கின பிறகு
டாஷ்போர்டைக் கழற்றிப் போட்டு
இவன் அடித்த கிளிப்பச்சை.
ஒரு மூலை விடவில்லை.
எர்த் வளையத்துக்கு அடியில்கூட இரண்டு கோட்டிங்.
காலையில் வீட்டு வாசலில் நின்றுகொண்டு
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னட்டி?”
“துரு” என்றேன்.

சாவி நுனியால் சுரண்டினேன்.
ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகரம் பளிச்சிட்டது.
தூள் கண்ணில் விழுந்தது.
இமையைப் பிரித்து ஊதினான்.
என் கன்னத்தில் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலால் துடைத்து
விரலை டார்ச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்க்ரூவை இறுக்கிச் சாவியைத் திருப்பினேன்.
எல்லா விளக்கும் வந்தது.
சூட்டு முள் நடுவில் சாந்தமாக நின்றது.
பெட்ரோல் முள் அரையைத் தொடவில்லை,
காலையும் தொடவில்லை,
அடியிலேயே படுத்துக்கொண்டது.

“இன்னும் சரியாவலியோ?”
“சரியாயிட்டு” என்றேன்.
எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது.

டிக்கியிலிருந்து கேனை எடுத்தான்.
“சவம்” என்றான், காரையோ என்னையோ.
நாலு எட்டு போனவன் திரும்பி
“துருவா?” என்றான்.
காற்றில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
அத்தனையும் ஒரே நேரத்தில் மூடித் திறந்தன.
அவற்றுக்குக் கீழே ஆடி ஆடிப் போனது
ஒரு சின்ன டார்ச்.
திரும்பி வர அடையாளத்துக்கு
இடது இண்டிகேட்டரைப் போட்டுவைத்தேன்.
டிக். டிக். டிக்.
முள் அசையவில்லை.